வேலை போகுமா? போனால் கிடைக்குமா?

பெங்களூர் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றி வந்தன. அதனால் சமையல், சட்டம், வீட்டு மனைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டோம். ஐ.டி. ஆளெடுப்பில் இருப்பவர், தொழிலாளர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர், பீன்யாவில் இயந்திரப் பயிற்சி தருபவர் என்று மூவர் சேர்ந்து பதில் தந்திருக்கிறார்கள். கேட்டவர்களின் பெயர்களைப் போடவில்லை.

ஒயிட்ஃபீல்டில் ஒரு ஐ.டி. சர்வீஸ் கம்பெனியில் டெஸ்டிங் லீட். 11 வருட அனுபவம், வயது 36. தினமும் ஒரு லே-ஆஃப் செய்தி வருகிறது. போன மாதம் டீமில் இரண்டு பேரைப் பெஞ்சுக்கு (பிராஜெக்ட் இல்லாமல் காத்திருப்போர் பட்டியலுக்கு) அனுப்பினார்கள். மேனேஜரைக் கேட்டால் "ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்கிறார். என் நிலைமை உண்மையில் என்ன என்று நானே கணிக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் நீங்கள் கேட்பது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. இந்த வேலை போகுமா என்பது ஒன்று. போனால் இன்னொன்று எத்தனை நாளில் கிடைக்கும் என்பது இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தூக்கம் கெடுகிறது.

அமெரிக்காவில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் 2013 முதல் மாதாமாதம் எடுக்கும் கருத்துக்கணிப்பில் இவற்றைத் தனித்தனியாகத்தான் கேட்கிறார்கள். அடுத்த 12 மாதத்தில் உங்கள் வேலை போக எத்தனை சதவீத வாய்ப்பு? இன்றே போனால் 3 மாதத்துக்குள் வேறு கிடைக்க எத்தனை சதவீத வாய்ப்பு? 2025 ஆகஸ்டில் முதல் கேள்விக்கு வந்த சராசரி 14.5. அதில் பெரிய கலவரம் இல்லை. இரண்டாவதற்கு வந்தது 44.9, கணிப்பு தொடங்கியதிலிருந்து அதுவரை இல்லாத தாழ்வு. இருக்கிற நாற்காலி ஆடவில்லை, எழுந்துவிட்டால் அடுத்தது இல்லை என்று அங்கே மக்கள் நினைத்தார்கள். உங்களுக்கும் இந்த இரண்டு எண்கள் வேண்டும்.

முதல் எண்ணுக்கு மேனேஜரின் முகத்தைப் பார்க்காதீர்கள். பட்டியல் அவர் கைக்கு வருவது பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான். உங்களுக்குச் சம்பளம் போடுவது கம்பெனி என்றாலும், உங்கள் நாற்காலிக்கு வாடகை கட்டுவது கிளையண்ட். ஆகவே டைம்ஷீட்டைத் திறந்து உங்கள் பெயர் பில்லபிள் கோடில் (கிளையண்ட் பணம் கட்டும் இடம்) இருக்கிறதா, பஃபரா (கூடுதலாக வைத்திருக்கும் ஆள்), ஷேடோவா (இன்னொருவர் பக்கத்தில் இருந்து பழகும் ஆள்) என்று பாருங்கள். பஃபரில் ஆறு வாரம் ஓட்டியவர், பெஞ்சுக்குப் போகாமலே பெஞ்சில் இருக்கிறார். அடுத்து, உங்கள் பிராஜெக்டின் எஸ்.ஓ.டபிள்யூ. (கிளையண்டோடு போட்ட வேலை ஒப்பந்தம்) எந்தத் தேதியோடு முடிகிறது? அமெரிக்கக் கிளையண்டுகள் பலருக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரைதான் பட்ஜெட். புதுப்பிக்கும் பேச்சு அக்டோபர், நவம்பரில் காதில் விழ வேண்டும். நவம்பர் கடைசியிலும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் அந்த மௌனத்தையும் கணக்கில் சேருங்கள். மூன்றாவது, பெஞ்சுக்குப் போன அந்த இருவரின் இடத்துக்கு ஆர்.எம்.ஜி.யிடம் (பிராஜெக்டுகளுக்கு ஆள் ஒதுக்கும் பிரிவு) புது ஆள் கேட்டிருக்கிறார்களா? கேட்டிருந்தால் ஆள் மாற்றம். கேட்காவிட்டால் டீம் சுருங்குகிறது.

நான்காவதுதான் டெஸ்டிங்காரர்களுக்கு முக்கியம். கடந்த இரண்டு வார வேலையை மணிக்கணக்கில் பிரித்து எழுதுங்கள்: கையால் ஓட்டிய ரெக்ரஷன் (பழைய சோதனைகளை மறுபடி ஓட்டுவது), ஆட்டோமேஷன் ஸ்கிரிப்ட், கிளையண்டோடு பேச்சு, அந்த வியாபாரத்தின் உள்விவகாரம் தெரிந்ததால் மட்டுமே உங்களிடம் வந்த வேலை. 80 மணி நேரத்தில் பாதிக்கு மேல் முதல் வகையில் விழுந்தால், கருவியும் குறைந்த சம்பளக்காரரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலைக்கு லீட் சம்பளம் வாங்குகிறீர்கள் என்று பொருள். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஆட்களில் சுமார் 2 சதவீதத்தை, 12,000 பேருக்கு மேல், குறைப்பதாக அறிவித்தபோது பெரும்பாலும் நடு, மேல் நிலை ஆட்களைத்தான் சொன்னது. காரணம் எளிது: 11 வருடத்தில் உங்கள் சம்பளம் ஏறிய அளவுக்குக் கிளையண்ட் தரும் பில்லிங் ரேட் ஏறுவதில்லை.

கேன்டீனில் காபி மெஷினை எடுத்துவிட்டார்கள், டவுன்ஹாலில் சி.இ.ஓ. சிரிக்கவில்லை என்பதை வைத்து ஜாதகம் கணிப்பவர்கள் உங்கள் டீமிலும் இருப்பார்கள். அதெல்லாம் செலவைக் குறைக்கிறார்கள் என்பதற்கு அடையாளம், உங்கள் இருக்கையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இந்த நாலையும் பார்த்து ஒரு சதவீதம் போடுங்கள். தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த மாதம் பழைய எண்ணைப் பார்க்காமல் புதிதாகப் போட்டு, பிறகு ஒப்பிடுங்கள். 10 என்று எழுதியது 25 ஆகியிருந்தால், எந்தக் காரணம் மாறியது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாவிட்டால் ஏறியது பயம் மட்டும்தான்.

இரண்டாவது எண்ணை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, சந்தையில் இறங்கித்தான் அளக்க வேண்டும். வேலை தேடுவோர் பொதுவாகத் தங்கள் வாய்ப்பைக் கூட்டித்தான் நினைக்கிறார்கள், மாதங்கள் ஓடினாலும் அந்த நினைப்பை இறக்கிக்கொள்வதில்லை என்று மேற்சொன்ன கணிப்பின் தரவை வைத்துச் செய்த ஆய்வே காட்டியிருக்கிறது. ஆகவே நான்கு வாரம், 40 விண்ணப்பம். 20 போர்ட்டலில், 10 கம்பெனிகளின் சொந்த கேரியர்ஸ் பக்கத்தில், 10 தெரிந்தவர் ரெஃபரலில். தொடங்கும் முன் நௌக்ரி போர்ட்டலின் செட்டிங்ஸில் உங்கள் கம்பெனியை பிளாக் செய்துவிடுங்கள். ஒரு நோட்டில் தேதி, எந்த வழி, அழைப்பு வந்ததா, எந்தச் சுற்றில் நின்றது, ஏன் என்று எழுதி வாருங்கள்.

அந்த ஏன் என்ற பத்திதான் பலன் தரும். அழைப்பே வராவிட்டால் ரெஸ்யூமேயின் தலைப்பு அல்லது 90 நாள் நோட்டீஸ் பீரியட் காரணம். அழைப்பு வந்து சம்பளம் கேட்டதும் நின்றால் உங்கள் விலை சந்தையைத் தாண்டிவிட்டது. டெக்னிகல் சுற்றில் நின்றால் எந்தக் கேள்வியில் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏபிஐ டெஸ்டிங், பிளேரைட் (ஆட்டோமேஷன் கருவி), கையால் கோட் எழுதுவது என்று மூன்று நேர்காணலில் ஒரே இடம் திரும்ப வந்தால் அதுதான் உங்கள் பாடத்திட்டம். 40-க்கு நாலைந்து முதல் சுற்றாவது வந்தால் மூன்று நான்கு மாதத்தில் வேலை நடக்கும் என்பது எங்கள் கைக்கணக்கு. ஒன்று அல்லது பூஜ்யம் என்றால் ஆறு மாதத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போர்ட்டலில் 300 இடம் காட்டுகிறதே என்று மகிழ வேண்டாம். ஒரே கிளையண்டின் ஒரே தேவையை ஐந்து கன்சல்டன்சிகள் போடும். வேலை விவரத்திலிருந்து ஒரு முழு வரியை எடுத்துத் தேடிப் பாருங்கள், ஐந்தும் ஒன்றாகிவிடும். ஒரு மாதம் தாண்டியும் மறுபடி மறுபடி மேலே வரும் அறிவிப்பை விட்டுவிடுங்கள்.

முதல் எண் பெரிதாக இருந்து இரண்டாவதும் பெரிதாக இருந்தால், அதாவது வேறு வேலை சீக்கிரம் கிடைக்கும் என்றால், பயமில்லை. நோட்டீஸ் பை-அவுட் (நோட்டீஸ் நாளுக்குப் பதில் பணம் கட்டி வெளியேறுவது) உங்கள் விருப்பமா, கம்பெனியின் சம்மதம் வேண்டுமா என்று ஆஃபர் லெட்டரில் பார்த்து வைத்துக்கொண்டால் போதும். முதல் எண் சிறிதாக இருந்து இரண்டாவதும் சிறிதாக இருப்பதுதான் ஆபத்து. வேலை நிம்மதியாக ஓடும், கம்பெனிக்கு வெளியே உங்களைத் தேட ஆளிருக்காது. உங்கள் வயதில், உங்கள் பதவியில் பலர் அங்கேதான் இருக்கிறார்கள் என்பது எங்கள் எண்ணம்.

வேலையின்மை 3 சதவீதம்தான் என்று செய்தித்தாளில் போடுகிறார்கள். ஈஜிபுராவில் எங்கள் தெருவிலேயே நாலு பையன்கள் சும்மா இருக்கிறார்கள். யார் சொல்வது பொய்?

யாரும் பொய் சொல்லவில்லை. பி.எல்.எஃப்.எஸ். என்ற மத்தியக் கணக்கெடுப்பில் 2023-24 ஆண்டுக்கு 15 வயதுக்கு மேற்பட்டோரில் வேலையின்மை 3.2 சதவீதம். அது ஒரு வருடத்தை மொத்தமாகப் பார்க்கும் கணக்கு, கிராமமும் சேர்ந்தது. 2025 முதல் மாதாமாதம் வெளியிடுவது வாரக் கணக்கு. அதில் நகர்ப்புறத்துக்கு மட்டும் பார்த்தால் 2025-இல் 7-ஐ ஒட்டியே இருந்தது.

வாரக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். மாமா கடையில் சம்பளமில்லாமல் கல்லாவில் உட்கார்ந்தவரும் அப்படியே. உங்கள் தெருப் பையன்களில் ஒருவர் வார இறுதியில் ஸ்விக்கி ஓட்டினால் அவர் வேலையில்லாதவர் பட்டியலில் வரமாட்டார். வேலை தேடாமல், கிடைத்தாலும் போகும் எண்ணமில்லாமல் இருப்பவரும் வரமாட்டார். உங்கள் வேலைக்கான வாய்ப்பை இந்த எண்ணை வைத்து மதிப்பிட முடியாது.

அதைவிட உங்களுக்கு நெருக்கமானது ரிசர்வ் வங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெங்களூர் உட்பட நகரங்களில் வீடு வீடாகக் கேட்டு வெளியிடும் நுகர்வோர் நம்பிக்கைக் கணிப்பு. ஓராண்டுக்கு முன்னால் பார்த்ததைவிட வேலைவாய்ப்பு எப்படி, அடுத்த ஆண்டு எப்படி இருக்கும் என்று அதில் கேட்கிறார்கள். அதில் வரும் எண் 100-க்கு மேலே இருந்தால் நம்பிக்கை, கீழே இருந்தால் அவநம்பிக்கை. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது தற்போதைய நிலை எண் 50-க்கும் கீழே போனது. பல வருடமாக அதில் ஒரு வேடிக்கை: இன்றைய நிலையைக் கேட்டால் முகம் சுளிப்பவர்களே, அடுத்த வருடம் நன்றாக இருக்கும் என்கிறார்கள். தெருமுனை டீக்கடையிலும் அப்படித்தான் பேசுகிறோம்.

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் சி.என்.சி. (கணினி வழி ஓடும் இயந்திரம்) ஆப்பரேட்டர். ஐ.டி.ஐ., 6 வருடம். மூன்று ஷிப்ட் இரண்டாகிவிட்டது. ஓ.டி. (ஓவர்டைம்) கிடையாது. முதலாளி "ஆர்டர் வரும்" என்கிறார். ஓசூர் பக்கம் போய்விடலாமா?

எந்த மாதம் ஷிப்ட் குறைந்தது என்று நீங்கள் எழுதவில்லை. வண்டி உதிரிபாகம் செய்யும் கடைகளுக்கு தீபாவளி முடிந்து டிசம்பர் வரை மந்தம், ஜனவரியிலிருந்து மார்ச் வரை வேகம் என்பது வழக்கம்தான். மார்ச்சிலும் இரண்டு ஷிப்ட் என்றால் அப்போது யோசியுங்கள்.

முதலாளி சொல்வதைவிட ராக் (சரக்கு அடுக்கும் தட்டு) சொல்வதைக் கேளுங்கள். பார் ஸ்டாக் (உலோகக் கம்பி இருப்பு) எத்தனை நாளுக்கு இருக்கிறது? முன்பு பத்து நாளுக்கு அடுக்கியவர் இப்போது இரண்டு நாளுக்கு வாங்குகிறார் என்றால் சப்ளையர் கடன் தரவில்லை அல்லது ஆர்டர் உறுதியில்லை. வண்டிக் கம்பெனிகள் இந்த மாதத்துக்கு உறுதி ஷெட்யூலும் அடுத்த மாதங்களுக்கு உத்தேச ஷெட்யூலும் தரும். டிஸ்பாட்ச் பார்ப்பவரிடம் அந்த உத்தேசத்தைக் கேளுங்கள். மூலை மழுங்கிய இன்செர்டை (வெட்டும் முனையை) திருப்பித் திருப்பி ஓட்டச் சொல்வதும் ஓர் அறிகுறி. சம்பளம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும் என்பது சட்டம். அது 10, 15 என்று நகரத் தொடங்கினால் தேடத் தொடங்குங்கள். நிற்கும்வரை காத்திருக்காதீர்கள்.

இனி, போனால் கிடைக்குமா என்ற பாதி. சி.என்.சி. ஆப்பரேட்டர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலை இருக்கிறது. பீஸை மாட்டி, கதவைச் சாத்தி, பட்டனை அமுக்குபவர் ஒருவர். செட்டிங் செய்பவர் இன்னொருவர். முதலாமவருக்கு மாற்று ஆள் பீன்யாவில் ஒரு மணி நேரத்தில் கிடைப்பார், ரோபோ கை வந்தால் அவரும் வேண்டாம். நீங்கள் யார் என்று இந்த வாரமே சோதிக்கலாம். புது டிராயிங் ஒன்றை எடுத்து, சூப்பர்வைசர் துணையில்லாமல் ஜா (பீஸைப் பிடிக்கும் தாடை) மாட்டி, ஒர்க் ஆஃப்செட், டூல் ஆஃப்செட் (பீஸும் கருவியும் இருக்கும் இடத்தின் அளவு) எடுத்து, முதல் பீஸை அளவுக்குக் கொண்டுவர முடிகிறதா?

ஒரு சின்ன உதாரணம். டர்னிங் சென்டரில் 25 மி.மீ. துளை, கூடக்குறைய 0.01. முதல் பீஸில் போர் கேஜ் (துளை அளக்கும் கருவி) 24.97 காட்டுகிறது. எக்ஸ் வேர் ஆஃப்செட்டில் (கருவித் தேய்மானத்துக்கான திருத்தம்) என்ன போடுவீர்கள்? மெஷின் விட்டக் கணக்கில் ஓடுவதால் கூட்டல் 0.03. ஆரம் என்று நினைத்துப் பாதி போட்டால் 24.985-இல் நிற்கும், இன்ஸ்பெக்ஷன் திருப்பி அனுப்பும். கழித்தல் போட்டால் இன்னும் சிறுத்து 24.94. துளை சிறுத்தால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம், பெருத்தால் ஸ்கிராப். நல்ல கடைகளில் நேர்காணலே இதுதான். டிராயிங்கைக் கையில் கொடுத்து மெஷின் முன்னால் நிறுத்திவிடுவார்கள்.

செட்டிங் தெரிந்தால் ஓசூர் சிப்காட், பொம்மசந்திரா இரண்டிலும் இடம் தேடலாம். வீடு பீன்யா பக்கம் என்றால் முதலில் பொம்மசந்திராவைப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தடம் திறந்த பிறகு பச்சைத் தடத்தில் ஏறி ஆர்.வி. ரோட்டில் மாறினால் மெட்ரோவிலேயே போய்விடலாம். ஓசூரின் பெரிய பிளாண்ட்களில் கேட்கும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பி.எஃப். யார் பெயரில் கட்டுவார்கள்? கம்பெனி பெயரிலா, கான்ட்ராக்டர் பெயரிலா? ஒரே லைனில் ஒரே சட்டை போட்டு நிற்பவர்களில் முதலில் வெளியே போவது இரண்டாம் வகை. பீன்யாவின் கம்பெனி ரோலை விட்டுவிட்டு அங்கே கான்ட்ராக்டில் சேர்வதென்றால், கையில் வரும் சம்பளம் நன்றாகவே கூடியிருக்க வேண்டும்.

குருப்பெயர்ச்சிக்குப் பிறகு ஐ.டி. நிலைமை சரியாகுமா? (அல்சூர்)

கிரகம் பார்க்க இந்தப் பக்கத்தில் ஆளில்லை. அமெரிக்கக் கிளையண்டுகளின் பட்ஜெட் ஜனவரியில் பெயர்கிறது. பலன் பெங்களூரில் பிப்ரவரி, மார்ச்சில் தெரியும்.

பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் டைலர். ஒன்பது வருஷம் முடிந்தது. அடிப்படையும் டி.ஏ.வும் சேர்த்து 13,000. ஃபேக்டரியை ஊருக்கு வெளியே மாத்தப் போறாங்கன்னு பேச்சு. இப்பவே எழுதிக் கொடுத்துட்டுப் போனா கணக்கை உடனே முடிச்சுத் தர்றோம்னு ஃப்ளோர் இன்சார்ஜ் சொல்றார். போகலாமா?

எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. நீங்களாக ராஜினாமா செய்வதற்கும் அவர்கள் உங்களை நிறுத்துவதற்கும் நடுவில் இருப்பது பணம்.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) இரண்டிலும் உண்டு, ஐந்து வருடம் தாண்டிவிட்டீர்கள். 13,000-ஐ 26-ஆல் (மாத வேலைநாள்) வகுத்து 15-ஆல் பெருக்கினால் 7,500. ஒன்பது வருடத்துக்கு 67,500. உடனே தருகிறோம் என்று அவர் சொல்வது பெரும்பாலும் இந்தப் பணத்தைத்தான், அது எப்படியும் உங்களுடையது. அவர்களாக நிறுத்தினால் இதற்கு மேல் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் 13,000. ஆட்குறைப்பு இழப்பீடாக முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், இங்கே மாதத்துக்கு 30 நாள் என்று கணக்கிட்டால் சுமாராக 58,500. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், மறுபயிற்சி நிதியாக இன்னொரு 15 நாள் சம்பளம் 45 நாளுக்குள் உங்கள் கணக்கில் வர வேண்டும் என்றும் இருக்கிறது. ஒரு கையெழுத்தில் முக்கால் லட்சம் போகும்.

ஆட்குறைப்புக்கும் மூடுவதற்கும் அரசின் முன் அனுமதி முன்பு 100 பேர் இருக்கும் ஃபேக்டரிக்கே தேவைப்பட்டது. இப்போது 300 பேர். உங்கள் யூனிட்டில் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளுங்கள். மூடுகிறார்களா, இடம் மாற்றுகிறார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள். இடமாற்றம் என்றால் வண்டி விடுவார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்தால் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் இருக்கிறது. வேலை போனவருக்குச் சராசரி தினக்கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒருமுறை. உங்கள் சம்பளத்துக்குச் சுமார் 19,500 வரும். இரண்டு வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும், வேலை போவதற்கு முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். திட்டத்தை அவ்வப்போது நீட்டித்து வருகிறார்கள், ஆகவே கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள். தானாக விலகினார் என்று பதிவாகிவிட்டால் இதிலும் சிக்கல்தான்.

பேச்சு உண்மையா என்று பார்க்க கட்டிங் செக்‌ஷனைக் கவனியுங்கள். துணி லாரி நின்றால் முதலில் காலியாவது கட்டிங் மேஜை. வெட்டி வைத்த பண்டல் தீர்ந்ததும் தையல் லைன். இரண்டு லைனை ஒன்றாகச் சேர்ப்பது அடுத்த படி. ஃபினிஷிங்கில் மாட்டும் விலைச்சீட்டில் டாலரா, யூரோவா, ரூபாயா என்றும் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது அடி விழுந்தது டாலர் சீட்டு போட்ட லைன்களுக்குத்தான்.

பி.எஃப். பணத்தை அவசரப்பட்டு எடுத்துவிடாமல் புது இடத்துக்கு மாற்றுங்கள். 2016 ஏப்ரலில் பி.எஃப். எடுப்பதற்குக் கட்டுப்பாடு போட்ட விதியை எதிர்த்து ஓசூர் ரோட்டையே நிறுத்தி, இரண்டே நாளில் மத்திய அரசைத் திரும்பப் பெற வைத்தவர்கள் உங்கள் துறைப் பெண்கள். அந்தப் பணத்தின் மதிப்பு உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மகன் 2025-இல் பி.இ. முடித்தான். கேம்பஸில் ஒரு கம்பெனி எல்.ஓ.ஐ. கொடுத்தது, சேரும் தேதி வரவில்லை. பி.டி.எம். லேஅவுட்டில் ஒருவர் இரண்டரை லட்சம் கொடுத்தால் அனுபவச் சான்றிதழோடு பேக்டோரில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். (லிங்கராஜபுரம்)

எல்.ஓ.ஐ. என்பது எண்ணம் தெரிவிக்கும் கடிதம், வேலை இல்லை ஐயா. சேரும் தேதி, சம்பளப் பட்டியல், பணியிடம் மூன்றும் இருந்தால்தான் ஆஃபர். "வணிகத் தேவைக்கு உட்பட்டு" என்ற வரி அதில் எங்கேயாவது இருக்கும், பாருங்கள். மூன்று மாதமாகத் தேதி வரவில்லை என்றால் மனத்தில் அதற்குப் பூஜ்யம் போட்டுவிட்டுத் தேடச் சொல்லுங்கள். வந்தால் லாபம்.

காத்திருப்பதில் நாள் மட்டும் போவதில்லை, தகுதியும் போகிறது. ஆஃப்-கேம்பஸ் அறிவிப்புகளில் "2024, 2025 பேட்ச் மட்டும்" என்று போடுகிறார்கள். அடுத்த பேட்ச் வெளியே வந்ததும் அந்த வரி மாறும். படிப்பு முடிந்து ஒன்று, ஒன்றரை வருடம்தான் ஃபிரெஷர் என்ற பெயரே நிலைக்கும். அதற்குள் சின்ன கம்பெனியோ, நாட்ஸ் என்ற மத்திய அரசின் பயிற்சித் திட்டப் போர்ட்டலில் அப்ரெண்டிஸ் இடமோ கிடைத்தாலும் சேர்ந்துவிடுவது நல்லது.

பேக்டோர்காரருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அவர் தருவது இல்லாத கம்பெனியின் சம்பளச் சீட்டு. பின்புலச் சரிபார்ப்பில் கம்பெனிகள் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணில் உள்ள பணி வரலாற்றையும், டி.டி.எஸ். என்ற வரிப் பிடித்தத்தைக் காட்டும் வருமான வரி 26ஏ.எஸ். படிவத்தையும் பார்க்கிறார்கள். சம்பளம் வாங்கியதாகச் சொல்லும் இரண்டு வருடத்துக்கு பி.எஃப்.பும் இல்லை, டி.டி.எஸ்.ஸும் இல்லை என்றால் விஷயம் வெளிவந்துவிடும். சேர்ந்து நாலு மாதம் கழித்து வெளியேற்றுவார்கள். பணம் வாங்கியவர் அதற்குள் அலுவலகத்தைக் காலி செய்திருப்பார்.

கர்நாடகத்தில் குறைந்தது ஆறு வருடம் படித்து, இங்கேயே வசிப்பவர் என்றால் யுவநிதிக்கு (மாநில அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகை) சேவா சிந்து தளத்தில் விண்ணப்பிக்கலாம். தேர்ச்சி பெற்று 180 நாள் வேலையில்லாமல் இருந்த பட்டதாரிக்கு மாதம் 3,000, டிப்ளமோவுக்கு 1,500, அதிகபட்சம் இரண்டு வருடம். அப்ரெண்டிஸ் உதவித்தொகை வாங்குபவருக்கு இது கிடையாது.

கணவர், நான் இருவரும் ஒரே ஐ.டி. கம்பெனி. கே.ஆர்.புரத்தில் 65 லட்சத்துக்கு ஃபிளாட், 50 லட்சம் கடன். இந்த நேரத்தில் வாங்கலாமா?

இரண்டு சம்பளம் என்று நினைக்கிறீர்கள். ஒரே கம்பெனி என்பதால் அதை ஒரு தூணாகத்தான் எண்ண வேண்டும். 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 43,400. இதோடு வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து மாதம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் பதிலில் சொன்ன 40 விண்ணப்பச் சோதனையை இருவரும் செய்யுங்கள். யாருக்கு அதிக மாதம் என்று வருகிறதோ அதோடு இரண்டைக் கூட்டுங்கள். ஐந்து என்று வந்தால் ஏழு, அதாவது ஏழு லட்சம். பத்திரப் பதிவு முடிந்த மறுநாள் அது கையில் இருக்க வேண்டும்.

பதிவுச் செலவைக் குறைத்துக் கணக்கிடாதீர்கள். 2025 ஆகஸ்ட் 31 முதல் கர்நாடகத்தில் பதிவுக் கட்டணம் 1-லிருந்து 2 சதவீதம் ஆகிவிட்டது. முத்திரைத் தீர்வை, செஸ், சர்சார்ஜ் சேர்த்து 7.6 சதவீதம் வரும். 65 லட்சத்துக்கு 4.94 லட்சம். இப்போதைய வாடகை வீட்டு அட்வான்ஸ் திரும்ப வரும் என்று அந்த ஏழு லட்சத்தில் சேர்க்க வேண்டாம். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு, மீதியை ஓனர் எப்போது தருவார் என்பது இந்த ஊரில் வாடகைக்கு இருந்த எல்லோருக்கும் தெரியும்.

கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கடைசி வேலைநாளோடு முடியும். பெற்றோர் அதில் இருந்தால், சொந்தமாக ஒரு பாலிசியை இப்போதே தொடங்குங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை இருக்கும்; வேலையில் இருக்கும்போதே அது ஓடி முடியட்டும்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரு ஸ்டார்ட்-அப். சம்பளம் சரியாக வருகிறது. ஆனால் பி.எஃப். பாஸ்புக்கில் இரண்டு மாதமாக வரவு இல்லை. ஹெச்.ஆர். "சர்வர் பிரச்சினை" என்கிறார்.

பி.எஃப். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். பாஸ்புக்கில் ஏறச் சில நாள் தாமதமாவது உண்டு, இரண்டு மாதம் ஆகாது. பணத் தட்டுப்பாடு வந்த கம்பெனி முதலில் நிறுத்துவது சம்பளத்தை இல்லை. ஊழியர் உடனே கவனிக்காத பி.எஃப்.பையும் டி.டி.எஸ்.ஸையும்தான். பி.எஃப். கட்டிய சலானின் டி.ஆர்.ஆர்.என். எண்ணை (பணம் கட்டியதற்கான அடையாள எண்) கேளுங்கள். கட்டியிருந்தால் அந்த எண் இருக்கும், சர்வரில் தொலைந்துபோகாது.

அடுத்து 26ஏ.எஸ். படிவம். காலாண்டுக்கு ஒருமுறைதான் அது நிரம்பும் என்பதால் முடிந்த காலாண்டை மட்டும் பாருங்கள். உங்கள் சம்பளச் சீட்டில் பிடித்த வரி அதில் ஏறவில்லை என்றால் இரண்டாவது மணி அடித்துவிட்டது. மூன்றாவது, கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ. தளம். கம்பெனி பெயரைப் போட்டால் கடைசியாக எந்த ஆண்டின் பேலன்ஸ் ஷீட் தாக்கலானது, சொத்தின் மேல் எந்த வங்கி சார்ஜ் (கடனுக்கான அடமான உரிமை) வைத்திருக்கிறது, இயக்குநர்கள் யார் என்பதெல்லாம் தெரியும். போன ஆண்டு இருந்த இயக்குநரில் இருவரைக் காணோம் என்றால் காரணம் கேளுங்கள்.

மூன்றில் இரண்டு சரியில்லை என்றால் அந்த வாரமே சம்பளச் சீட்டு, ஆஃபர் லெட்டர், அப்ரைசல் கடிதம், ஃபார்ம் 16 எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் சாஃப்ட்வேர் கோடையும் கிளையண்ட் பட்டியலையும் தொடாதீர்கள், அது வேறு வழக்கில் கொண்டுபோய் விடும். செலவு பில்களை அன்றன்றே போட்டு வாங்கிவிடுங்கள். சேர்த்து வைத்த லீவை எடுத்து விடுங்கள்; மூடப்போகும் கம்பெனியில் லீவ் என்காஷ்மென்ட் கடைசி வரிசையில் நிற்கும். பி.எஃப். பாக்கிக்கு இ.பி.எஃப்.ஓ. குறைதீர்ப்புத் தளத்தில் யு.ஏ.என். எண்ணோடு புகார் கொடுக்கலாம். வேலையில் இருக்கும்போதே கொடுப்பதா, வெளியே வந்த பிறகா என்பது, அந்த 40 விண்ணப்ப நோட்டில் எத்தனை முதல் சுற்று வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.